சேர் பொன்னம்பலம் இராமநாதன்

ஈழநாட்டுச் சைவப் பாடசாலைகளின் விழா மலர்களிலே ஆறுமுக நாவலர் பெயரும் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரும் இடம்பெறுதல் வழக்கம். நம் கல்லூரியின் இம்மலருக்கும் இராமநாதனைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தினர் பணித்தபோது, வழக்கமான புகழுரை ஒன்றை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். அவ்வெண்ணத்தைக் குலைத்தவன் பதினோராந் தரத்து மாணவன் ஒருவன். வரலாற்றுப் பாடத்திலே டொனமூர் அரசியற்றிட்டத்தைப் படித்திருந்த அவன், சாதாரண மக்களுக்கு வாக்குரிமை வேண்டாமென்று வாதாடியவருக்கு நாம் ஏன் மாலை சூட்டவேண்டும் என்று வகுப்பிலே எழுந்து கேட்டான். தோட்டத்து லயத்திலே பிறந்து வளர்ந்த குடும்பத்துப் பிள்ளை அவன். கேட்டதில் துடுக்கு இல்லை. உண்மையாகவே அறிய விரும்பினான். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் அப்பெரியாரின் வரலாற்றை ஒருமுறை ஒழுங்காக நினைத்துப் பார்ப்பது நமக்கு நன்றென்று தோன்றியது.

இராமநாதன் 1851ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 16ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் மானிப்பாயைச் சேர்ந்த பொன்னம்பல முதலியார். தாயார் செல்லாச்சி அம்மையார். தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியார், 1835ஆம் ஆண்டு சட்டநிரூபண சபையிலே தமிழர் சார்பில் முதன்முதல் நியமனம் பெற்றவர். அவர் மைந்தர் சேர் முத்துக்குமாரசுவாமி, இராமநாதனுக்குத் தாய்மாமன். கலைஞானி ஆனந்த குமாரசுவாமியின் தந்தையார் இவரே. ஆகவே, அரசாங்கத்தோடு பேசும் உரிமை ஒரு வீட்டிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. இராமநாதனுக்கு மூத்தவர் குமாரசுவாமி; இளையவர் அருணாசலம். மூவருமே பின்னாளிற் சட்டநிரூபண சபையில் அமர்ந்தார்கள். இவ்வாறு பிறந்த ஒருவருக்கு, ஆளுதற்குப் பிறந்தோர் சிலர், ஆளப்படுதற்குப் பிறந்தோர் பலர் என்னும் எண்ணம் மூச்சுக்காற்றைப் போல இயல்பாகவே வந்து சேர்ந்திருக்கும். அவர் வரலாற்றைப் படிப்போர் இதனை மறத்தலாகாது.

கொழும்பு அக்கடமியிலும் (அதுவே இன்றைய றோயல் கல்லூரி) பின்னர்ச் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் அவர் கல்வி பயின்றார். பட்டம் பெறுமுன்னரே ஈழம் மீண்டு, சேர் றிச்சாட் மோர்கனிடம் சட்டம் பயின்று நியாயவாதியானார். உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புக்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றிய பெருமை அவருக்குண்டு. அவர் பெயராலேயே அத்தொகுதிகள் இன்றும் சட்டத்தரணிகளால் வழங்கப்படுகின்றன.

1879ஆம் ஆண்டு மே மாதத்தில் முத்துக்குமாரசுவாமி காலமானார். சபையில் வெற்றிடமான தமிழர் ஆசனத்துக்கு யாரை நியமிப்பது என்னும் கேள்வி எழுந்தது. பிறிற்றோ என்னும் நியாயவாதியின் பெயரும் அடிபட்டது. அவர் கிறித்தவர். அக்காலம் யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் தம் வாழ்வின் கடைசி ஆண்டைக் கழித்துக்கொண்டிருந்தார். அவர் இராமநாதன் பக்கம் நின்றார். ஊர்ப் பெரியோரையும் அப்பக்கம் நிற்கச் செய்தார். இருபத்தெட்டு வயதிலே இராமநாதன் சட்டநிரூபண சபையிற் புகுந்தார். அவ்வாண்டு முடியுமுன்னரே நாவலர் சிவபதமடைந்தார். நாவலர் தொடங்கிய பணியிற் பெரும்பகுதியை இராமநாதன் தொடர்ந்து செய்தார் எனச் சைவ உலகம் நெடுங்காலமாகச் சொல்லிவருவதற்கு இத்தொடர்பும் ஒரு காரணம்.

சபையிலே அவர் தமிழருக்காக மாத்திரம் பேசினார் அல்லர். வெசாக் திருநாள் அரச விடுமுறையாக வேண்டுமென்று பௌத்தர்கள் முயன்றபோது அவர்களுக்குத் துணைநின்றார். 1885ஆம் ஆண்டு அவ்விடுமுறை கிடைத்தது. பௌத்த விகாரைகளின் சொத்துக்கள் சீர்கெடாது பேணப்பட வேண்டும் என்பதிலும் அவர் அக்கறை காட்டினார். பிற சமயத்தவர் காரியத்திலே இத்துணை ஊக்கம் ஏன் என்று சிலர் வியக்கலாம். பழைமையான எதுவும் அழியக்கூடாது என்பதே அவர் கொள்கை. விகாரையாயினும் கோயிலாயினும் அவருக்கு ஒன்றே.

ஆயினும் அக்காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் நெடுங்காலக் கசப்பை விளைத்தது. 1888ஆம் ஆண்டு அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையிலே கட்டுரை ஒன்று படித்து, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என நாட்ட முயன்றார். முசிலிம் மக்களுக்குச் சபையிலே தனி ஆசனம் வேண்டுமா என்னும் விவாதம் எழுந்திருந்த வேளை அது. தம்முடைய ஆசனத்தைத் தடுக்கவே அவ்வாறு எழுதினார் என்று முசிலிம்கள் கருதினார்கள். இருபதாண்டு கழியுமுன் ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அதற்கு விரிவான மறுப்பு எழுதினார். லுணுகலைக் கடைத்தெருவிலே முசிலிம் அயலாரோடு நாளும் பழகும் நாம் அச்சம்பவத்தை மறைத்துவிட்டு அவர் வரலாற்றை எழுதுதல் முறையன்று.

1890களின் தொடக்கத்தில் அவர் சபையை விட்டுச் சொலிசிற்றர் ஜெனரல் பதவியை ஏற்றார். அற்றோணி ஜெனரலாகப் பலமுறை பதிற்கடமை பார்த்தார். அப்பதவி நிரந்தரமாக அவருக்கு வழங்கப்படவில்லை. அக்காலத்து ஆட்சியிலே சுதேசி ஒருவர் ஏறக்கூடிய படிக்கு ஓர் எல்லை இருந்தது. இக்காலத்திலேதான் அவருடைய உள்ளம் ஞானநெறியில் ஆழ்ந்தது. தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டார். விவிலிய நூலின் மத்தேயு, யோவான் சுவிசேடங்களுக்குச் சைவ ஞானத்தின் ஒளியிலே ஆங்கிலத்தில் விரிவுரை எழுதினார். பாதிரிமார் பாடசாலைகளிலே சைவப் பிள்ளைகளுக்கு விவிலியம் போதித்த காலத்தில், சைவர் ஒருவர் பாதிரிமாருக்கே விவிலியப் பொருள் உரைத்தார் என்பது சுவையான செய்தி. 1905, 1906ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலே சுற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். முதல் மனைவியார் காலமான பின், ஆத்திரேலியாவிலே பிறந்தவரும் அவர்தம் சமய ஆராய்ச்சிக்கு உதவிவந்தவருமான ஹரிசன் என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாரே சைவராகி லீலாவதி இராமநாதன் என்னும் பெயருடன் 1953ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். சாதியாசாரத்தை இறுகப் பற்றியவர் என்று பேர்பெற்ற ஒருவர் கடல்கடந்த வெள்ளைக்காரப் பெண்மணியை மணந்ததைச் சிந்திக்கும்போது, மனிதரை ஒரே சொல்லில் அளக்க முடியாது என்பது விளங்குகின்றது.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி 1904ஆம் ஆண்டு நடந்தது. கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலே பேச அழைக்கப்பட்ட இராமநாதன், கற்ற சிங்களவர் தம் தாய்மொழியைப் பேச நாணி ஆங்கிலத்தில் மயங்கிக் கிடப்பதைக் கண்டித்துப் பேசினார். சிங்களவரின் உதடுகள் சிங்களம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார் என்ற கருத்து அவ்வுரையின் உயிர். அவ்வுரையைச் சிங்கள மக்கள் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர். அவ்வுரையை அவர் நிகழ்த்தியதும் ஆங்கிலத்திலேதான். அதனைச் சுட்டிக்காட்டி நகைப்பது எளிது. ஆனால் தமிழைப் பிழையறப் பேசவும் எழுதவும் வல்லவராயிருந்தார். பகவத்கீதைக்குத் தமிழில் உரை கண்டார். தலைப்பாகையும் நீண்ட அங்கியும் சால்வையும் அவர் எங்கும் அணிந்த கோலம்.

1911ஆம் ஆண்டு வந்தது. அதுவரை தேசாதிபதி நியமித்தவரே சபையில் இருந்தனர். அவ்வாண்டு கற்ற இலங்கையருக்கென ஓராசனம் ஒதுக்கப்பட்டு, அதற்குத் தேர்தல் நடைபெற்றது. நாடு முழுவதற்கும் ஒரு தொகுதி. வாக்காளர் மூவாயிரத்துக்குக் குறைவு. இராமநாதனை எதிர்த்தவர் மார்க்கஸ் பெர்ணாந்து என்னும் வைத்தியர். இராமநாதன் 1,645 வாக்கும், எதிராளி 981 வாக்கும் பெற்றனர். வாக்காளரிற் பெரும்பாலோர் சிங்களவராயிருந்தும் தமிழர் ஒருவர் வெற்றிபெற்றார் என்று நாம் பெருமையாகப் பேசுவோம். அது மெய்தான். எனினும், பெர்ணாந்து கராவ வகுப்பினர் என்பதாற் கொய்கம வகுப்பினர் பலர் இராமநாதனுக்கு வாக்களித்தார்கள் என்பதையும் வரலாற்றாசிரியர் எடுத்துரைக்கின்றனர். அடுத்த தேர்தலிலும் அவ்வாசனம் அவருக்கே கிடைத்தது.

அவருடைய பொதுவாழ்வின் உச்சம் 1915ஆம் ஆண்டு. மே மாத இறுதியிலே கண்டியில் சிங்களவருக்கும் முசிலிம்களுக்கும் மூண்ட கலகம் பல மாகாணங்களுக்கும் பரவிற்று. ஜூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. கலகம் அடங்கிய பின்னும் அச்சட்டம் நீடித்தது. விசாரணையின்றிச் சிலர் சுடப்பட்டனர். இராணுவ மன்றங்கள் விரைந்து விரைந்து தண்டனை விதித்தன. கிராமத்தவரிடம் நட்டஈடு கட்டாயமாக வசூலிக்கப்பட்டது. எட்வேட் ஹென்றி பெத்திரிஸ் என்னும் இளைஞர் ஜூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். டி. எஸ். சேனநாயக்கா, அவர் சகோதரர் எப். ஆர். சேனநாயக்கா முதலியோர் சிறையிடப்பட்டனர். சிங்களத் தலைவர்கள் வாய்திறக்க அஞ்சியிருந்த அவ்வேளையில், அறுபத்துநான்கு வயதினரான இராமநாதன் சட்டநிரூபண சபையிலே எழுந்து, அதிகாரிகள் செய்த கொடுமைகளை நாள், இடம், பெயர் கூறி அடுக்கினார். அரசாங்கத்தின் சட்ட அதிகாரியாக நெடுங்காலம் இருந்தவர் ஆதலின், எங்கே சட்டம் மீறப்பட்டது என்பதை அவரிலும் நன்றாக அறிந்தவர் இலர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே கடல்கடந்து இலண்டனுக்கும் சென்று முறையிட்டார். அச்சபைப் பேச்சுக்கள் 1916ஆம் ஆண்டு இலண்டனில் நூலாக வெளிவந்தன. தேசாதிபதி சாமர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். இராமநாதன் நாடு திரும்பிய நாளில், சிங்கள மக்கள் அவருடைய வண்டியிற் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே துறைமுகத்திலிருந்து வீடுவரை இழுத்துச் சென்றனர் என்று சொல்லப்படுகின்றது.

இங்கே ஒன்று குறிப்பிடல் வேண்டும். கலகத்திலே கடைகளையும் பள்ளிவாசல்களையும் இழந்தவர்கள் முசிலிம்கள். அவர்களுடைய துயர் இராமநாதன் பேச்சிலே தக்க இடம் பெறவில்லை என்னும் குறை அவர்களுக்கு உண்டு. அக்குறை நியாயமானதே என்பது என் கருத்து. ஆனால் ஆயுதம் ஏந்திய அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நின்று பேசிய அவருடைய தைரியம் அதனாற் குறைந்துவிடாது. அன்று அவருக்குத் தேர்தலால் வரும் ஆதாயமோ பதவியோ கண்முன் இருக்கவில்லை. முறைப்படியான சட்டத்தை அரசன் முதலாக எவனும் மீறலாகாது என்பதும் பழைமை பேணுவோரின் கொள்கைகளுள் ஒன்று. அக்கொள்கைக்காகவே அவர் எழுந்தார். இளைஞர் சிலர் பழைமை என்றாலே கோழைத்தனம் என்று கருதுகின்றனர். அவர்கள் 1915ஐ நினைவிற் கொள்ளட்டும்.

அவருடைய கட்டடப் பணிகளுக்கு வருவோம். கொழும்பு கொச்சிக்கடையிலே தந்தையார் எழுப்பிய சிவாலயத்தை முழுவதும் கருங்கல்லாலே புதுக்குவதற்கு 1907ஆம் ஆண்டளவில் தொடங்கி, 1912ஆம் ஆண்டு குடமுழுக்குச் செய்வித்தார். பொன்னம்பலவாணேசுவரம் என்னும் அக்கோயிலைப் பதுளையிலிருந்து இரவுப் புகைவண்டியிற் கொழும்பு சென்றிறங்கும் நம்மவர் பலர் அறிவர். வெயில் கொதிக்கும் நேரத்திலும் உள்ளே கால் வைத்தால் குளிர்ந்திருக்கும். கற்றூண்களிலே ஏறிய விளக்கெண்ணெய்ப் புகையும் இருளும் சேர்ந்து நம்மைப் பாண்டிநாட்டுக் கோயில் ஒன்றுக்கே கொண்டுபோய்விடும்.

அதினும் பெரிய பணி கல்விப் பணி. யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்பிள்ளைகள் உயர்கல்வி பெற வேண்டுமாயின் மிசனரிமாரின் விடுதிப் பாடசாலையையே நாடவேண்டியிருந்தது. உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் 1824ஆம் ஆண்டே பெண்பாடசாலை தொடங்கிவிட்டனர். அவர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். ஆயினும் பிள்ளையின் சமயம் மாறிவிடுமே என்னும் அச்சம் பெற்றோரைத் தடுத்தது. இராமநாதன் 1913ஆம் ஆண்டு மருதனார்மடத்திலே சைவப் பெண்களுக்கென விடுதியோடு கூடிய கல்லூரியைத் திறந்தார். அதுவே இராமநாதன் கல்லூரி. 1921ஆம் ஆண்டு திருநெல்வேலியிலே ஆண்பிள்ளைகளுக்குப் பரமேசுவராக் கல்லூரியைத் திறந்தார். இரண்டுக்கும் தம் செல்வத்தைக் கணக்கின்றிச் செலவிட்டார். ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நாளில் நாங்கள் சிலர் மருதனார்மடம் சென்று அக்கல்லூரியைக் கண்டோம். அகன்ற விறாந்தைகளும் உயர்ந்த தூண்களுமாக அரண்மனை போன்றிருந்தது. பெண்கள் படிப்பதற்கு இத்துணைப் பெரிய மாளிகை எழுப்பிய கையே பின்னர்ப் பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று எழுதியது என்பதை அன்று நான் அறியேன்.

இவ்விடத்தில் அவருடைய தம்பியாரை நினையாதிருக்க முடியாது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அண்ணனைப் போலவே சைவர், கல்விமான். ஆனால் அவருடைய கண் வேறு திசையிலே சென்றது. 1915ஆம் ஆண்டு இலங்கைச் சமூக சேவைக் கழகத்தையும் 1919ஆம் ஆண்டு தொழிலாளர் நலன் பேணும் சங்கத்தையும் நிறுவினார். தோட்டத் தொழிலாளி வேலையை விட்டு நீங்கினாற் சிறைத்தண்டனை என்றிருந்த சட்டத்துக்கு எதிராகப் போராடினார். தொழிலாளியின் கடன் கணக்கை எழுதி, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளையே கைமாற்ற உதவிய துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. அந்தத் துண்டைப் பற்றி நம் வீட்டு முதியோர் வாயிலாகக் கேட்டறிந்தவர் இம்மலரைப் படிப்போரிலும் இருப்பர். அருணாசலம் 1919ஆம் ஆண்டு இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மேல்மாகாணத் தமிழர் ஆசனம் பற்றிய வாக்குறுதி காற்றிற் போனதும் மனமுடைந்து வெளியேறினார். 1924ஆம் ஆண்டு ஜனவரியில் மதுரையிலே காலமானார். மலைநாட்டுத் தமிழர் இவ்விருவருள் யாரை முதலில் நினைக்க வேண்டும் என்று கேட்டால், நான் தயங்காமல் தம்பியார் பெயரையே சொல்வேன்.

இராமநாதன் 1921ஆம் ஆண்டு சேர் பட்டம் பெற்றார். 1924ஆம் ஆண்டு வடமாகாணத்திலிருந்து சபைக்குத் தெரிவானார். 1927ஆம் ஆண்டு நவம்பரில் டொனமூர்ப் பிரபு தலைமையிலான ஆணைக்குழு இலங்கை வந்தது. அப்போது நாட்டு மக்களில் நூற்றுக்கு நால்வரளவினரே வாக்குரிமை உடையவர். அடுத்த ஆண்டு வெளிவந்த அறிக்கை, இன அடிப்படையிலான பிரதிநிதித்துவத்தை ஒழித்து, ஆண் பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை வழங்குமாறு கூறிற்று. இரண்டையும் இராமநாதன் வன்மையாக எதிர்த்தார்.

அவருடைய எதிர்ப்புக்கு இரு கால்கள். ஒன்று, தொகையிற் குறைந்த தமிழர் தொகையிற் பெரிய இனத்தின் ஆளுகைக்குள் அகப்பட்டுப் போவர் என்னும் அச்சம். மற்றது, கல்லாதவர்க்கும் பெண்களுக்கும் வேளாளரல்லாத வகுப்பினருக்கும் வாக்களித்தாற் கும்பலாட்சி வந்து சைவ வாழ்க்கை முறையே குலைந்துவிடும் என்னும் கொள்கை. நம்மவர் எழுதும் வரலாறுகளில் முதற் காரணம் விரிவாகவும் இரண்டாவது மறைவாகவும் இருக்கும். மாணவன் கேட்டது இரண்டாவதைப் பற்றியே. சைவ சமயத்தின் பெயரால் அது சொல்லப்பட்டது என்பதே நமக்கு மிக வேதனை. நந்தனாரையும் திருநாளைப்போவார் புராணத்தையும் வகுப்பிலே நடத்தும் நாம் அதற்குச் சமாதானம் சொல்லப் புகுதல் கூடாது. அது பிழை.

தோட்டத்து மக்கள் வாக்கு அந்நாளிலே தனிச் சிக்கலாயிற்று. ஐந்தாண்டு வாசமிருந்தால் வாக்கு என்றது அறிக்கை. சிங்களத் தலைவர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். நிரந்தர வாசம் முதலிய நிபந்தனைகள் சேர்க்கப்பட்ட பின்னரே இணங்கினர். 1929ஆம் ஆண்டு டிசம்பரிலே சட்டநிரூபண சபை 19 வாக்குக்கு 17 வாக்காகத் திட்டத்தை ஏற்றது. இரண்டு வாக்கு வித்தியாசம்! இராமநாதன் எதிர்த்து வாக்களித்தார். எண்பதை நெருங்கிய வயதிலே, அடுத்த ஆண்டு, கடைசி முறையாக இங்கிலாந்துக்குக் கப்பலேறிக் குடியேற்ற நாட்டு அமைச்சிடம் முறையிட்டார். 1915இற் செவிசாய்த்த இலண்டன் இம்முறை செவிசாய்க்கவில்லை. மீண்டுவந்த அவர் 1930ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் காலமானார்.

அவர் மறைந்த ஏழாம் மாதத்தில், 1931 ஜூனில், சர்வசன வாக்குரிமையின்படி முதற்றேர்தல் நடந்தது. யாழ்ப்பாணம் வேறு காரணத்தாற் பகிஷ்கரித்தது. மலைநாட்டிலோ, அட்டனிலிருந்து பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவாகித் தொழில் அமைச்சரானார், தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கம் தெரிவானார். 1932ஆம் ஆண்டு கொழும்பு வடக்கிலே நேசம் சரவணமுத்து அம்மையார் வெற்றிபெற்றார். தமிழ்ப் பெண்ணொருவர் அரசாங்க சபையில் அமர்ந்தார். கும்பலாட்சி வரவில்லை. பிரட்டுக்களத்திலே பேர் கூப்பிட நின்ற மக்கள் வாக்குச்சாவடியிலே வரிசையாக நின்றார்கள், அவ்வளவே.

ஆனால் முதலாவது அச்சம் என்னாயிற்று? 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அமைச்சரவையிலே தமிழரும் அப்போது இருந்தனர். பெரும்பான்மையின் கை ஓங்கும் என்றார் இராமநாதன். ஓங்கிற்று; அது முதலில் விழுந்தது வடக்கிலே அன்று, ஹொப்டனிலும் மடுல்சீமையிலும் விழுந்தது. 1964இல் இரு பிரதமர்கள் கைச்சாத்திட்ட உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. நம் கல்லூரி இடாப்பிலேயே எத்தனை பெயர்கள் அக்காலத்திற் குறுக்குக்கோடிடப்பட்டிருக்கும்! 2003ஆம் ஆண்டுச் சட்டமே எஞ்சியோர் குடியுரிமைச் சிக்கலைத் தீர்த்தது.

இதனைக் கேட்ட மாணவன், அப்படியானால் அவர் சொன்னது சரிதானே என்று அடுத்த கேள்வியைத் தொடுத்தான். சரியன்று என்றேன். 1948இல் நம்மை வீழ்த்தியது மக்கள் வாக்கன்று. வாக்கைப் பறித்தவர்களே நம்மை வீழ்த்தினார்கள். வாக்கு இருந்தவரை ஏழு பேர் நமக்காக எழுந்து பேசினார்கள். காவல் வேண்டும் என்று அவர் கேட்டதிலே நியாயம் இருந்தது. அக்காவலை மேலோர் சிலர்க்கு மட்டும் கேட்டதுதான் பிழை. அவன் ஒப்புக்கொண்டானா என்பதை நான் அறியேன். கொப்பியிலே ஏதோ குறித்துக்கொண்டான்.

பரமேசுவராக் கல்லூரியின் கட்டடங்களிலேயே 1974ஆம் ஆண்டு யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. இன்று அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் அங்கே படிக்கச் செல்லும் பிள்ளைகளுள் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. சாதி கேட்பார் இல்லை. வாயிலுக்கு அருகே இராமநாதன் கட்டிய சிவன் கோயில் இருக்கின்றது. தேர்வு நாட்களிலே அங்கே கூட்டம் மிகுதி என்று சென்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.